பழைய மோட்டார் சைக்கிளின் மின்சார நோய்கள்



நோய் மனிதருக்கு மட்டும் உரியதன்று, யந்திரங்களுக்கும் உண்டு. யந்திரத்தின் நோய்களுள் மிகுந்த தொல்லை தருவது, கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்தால் வருவதேயாகும். டயர் தேய்ந்தால் தெரிகின்றது. சங்கிலி அறுந்தால் தெரிகின்றது. எண்ணெய் ஒழுகினால் நிலத்திலே கறை படிகின்றது. மின்சாரமோ ஒழுகினாலும் கறை படிவதில்லை. மாலையில் நன்றாக ஓடி வந்து நின்ற மோட்டார் சைக்கிள் காலையில் எத்தனை உதை உதைத்தாலும் உயிர்ப்பதில்லை. விளக்கு மின்மினி போல மங்குகின்றது, ஹோர்ன் முனகுகின்றது. உடனே எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகின்றனர்: "பற்றரி போய்விட்டது." புதிய பற்றரி வாங்கப்படுகின்றது. சில வாரங்களில் அதுவும் போய்விடுகின்றது. இவ்வாறு பற்றரிக்கு மேல் பற்றரியாக வாங்கிக் களைத்து, கடைசியில் யந்திரத்தையே பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடுவோரும் உண்டு. அங்ஙனம் பழி சுமந்த பற்றரிகளிற் பல குற்றமற்றவை. உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வழி என்ன என்பதை எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இதனை ஓர் இடத்தோடு பொருத்திப் பேசினால் விளக்கம் எளிதாகும். அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருந்தெருவில், தெஹியோவிட்டவுக்கும் எட்டியாந்தோட்டைக்கும் இடையே கரவனெல்ல இருக்கின்றது. கேகாலையிலிருந்து புளத்கொஹுப்பிட்டிய வழியாக இறங்கி வரும் தெருவும் அங்கேதான் வந்து சேர்கின்றது. பக்கத்திலே களனி கங்கை. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். மேலே ஏற ஏறத் தேயிலை. பெரியதுரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது அந்தத் தோட்டங்களில் எழுதாத சட்டமாக இருந்தது. பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோர்ட்டன், ரோயல் என்ஃபீல்ட் முதலிய பிரித்தானிய யந்திரங்கள் இத்தீவின் மலைத்தெருக்களில் முழங்கிய காலம் அது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; வெள்ளைத்துரைமாரின் காலம் முடிந்தது. ஆயினும் அக்காலத்து யந்திரங்களிற் சில உள்ளூரார் கைக்கு மாறி, இன்றும் வீட்டுத் தாழ்வாரங்களிற் சாக்கு மூடிக் கிடக்கின்றன. அவற்றுக்குப் பின் வந்த ஜப்பானிய யந்திரங்களும் இப்பொழுது பழையனவற்றின் வரிசையிற் சேர்ந்துவிட்டன.

இவற்றைப் பேணுதல் வெறும் ஆசைக்கு மட்டும் உரிய காரியமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையிலிருந்த ஆண்டுகளில், கையிலிருக்கும் யந்திரத்தைச் செப்பனிடத் தெரிந்தவர் தெருவில் ஓடினார், தெரியாதவர் நடந்தார். இரவிலே லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், மலையிலிருந்து கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு இறங்குவதற்கு வாசலில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளே துணை. அது அவ்வேளை உயிர்க்குமா என்பது சிறிய கேள்வியன்று.

இனி நோயை ஆராய்வோம். முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த யந்திரம் தொடங்குவதற்குப் பற்றரி வேண்டுமா, வேண்டாவா? இதைக் கேளாமலே பற்றரி வாங்கக் கடைக்குப் போவோர் பலர்.

பெற்றோல் யந்திரம் ஓடுவதற்கு உருளைக்குள்ளே ஒரு பொறி வேண்டும். அப்பொறியைப் பிறப்பிக்கும் முறைகள் இரண்டு. ஒன்று மக்னீற்றோ. காந்தத்தையும் கம்பிச்சுருளையும் ஒன்றன்பாற் மற்றொன்று சுழலச் செய்து, அச்சுழற்சியிலிருந்தே பொறியைப் பெறுவது அது. ஜெர்மனியில் ரொபேர்ட் பொஷ் அவர்களின் தொழிற்சாலையில், கொட்லொப் ஹொனொல்ட் என்ற பொறியியலாளர் 1902ஆம் ஆண்டில் உயர் அழுத்த மக்னீற்றோவை உருவாக்கிய பின்னரே மோட்டார் வாகனங்கள் நம்பத்தக்கனவாயின. மக்னீற்றோ பூட்டிய யந்திரத்திற்குத் தொடங்கப் பற்றரி வேண்டியதில்லை. பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டும் ஓட்டலாம். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த பி.எஸ்.ஏ. பாண்டம் என்ற சிறு யந்திரத்தின் சில வகைகளில் விளக்குங்கூட மக்னீற்றோவிலிருந்தே நேரே எரிந்தது. மற்றது கொயில் முறை. இதிலே பற்றரி தரும் தாழ்ந்த அழுத்தத்தைக் கொயில் என்னும் கம்பிச்சுருள் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்திப் பொறியாக்குகின்றது. இங்கே பற்றரி சோர்ந்தால் பொறியும் சோரும்.

ஆகவே, மக்னீற்றோ யந்திரம் தொடங்க மறுத்தால் பற்றரியைப் பாராதீர்கள், மக்னீற்றோவைப் பாருங்கள். கொயில் யந்திரமானால் பற்றரியில் தொடங்குங்கள். பற்றரியும் மின்னாக்கியும் வைத்த சில பிரித்தானியக் கொயில் யந்திரங்களில் அவசரத் தொடக்கத்திற்கென்று சுவிச்சிலே தனி நிலை ஒன்று இருக்கும். பற்றரி வற்றிய வேளையில் மின்னாக்கியின் மின்சாரத்தை நேரே கொயிலுக்கு அனுப்பி யந்திரத்தை உயிர்ப்பிக்க அது உதவும். ஓடத் தொடங்கியதும் வழமையான நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.

அடுத்து, பற்றரி என்பது யாது? அது மின்சாரத்தை உண்டாக்கும் ஆலையன்று. நெல்லைச் சேமிக்கும் குதிர் போன்றது. குதிர் வெறுமையாகின்றதென்றால் காரணம் நான்கே. குதிரே ஓட்டையாயிருக்கலாம். வரவு போதாமலிருக்கலாம். இரவிலே ஒருவர் திருடலாம். அல்லது நெல் இருந்தும் அடுப்பங்கரைக்குப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். பற்றரிக்கு வரும் நோய்களெல்லாம் இந்த நான்கினுள் அடங்கும். நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கையிலே ஒரு சிறு மின்னளவுமானி இருந்தாற் போதும். நகரத்துக் கடைகளில் அது ஒரு புதிய பற்றரியின் விலைக்கு மேற்படாமல் கிடைக்கும்.

முதலாவது, குதிர். ஈயத் தகடுகளைக் கந்தகாமிலத்தில் அமிழ்த்தி மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்பதை 1859ஆம் ஆண்டில் பிரான்சிய நாட்டுக் கஸ்தோன் பிளாந்தே கண்டறிந்தார். இன்றும் அடிப்படை அதுவே. நன்கு நிரம்பிய ஓர் அறை ஏறக்குறைய 2.1 வோல்ற்றுத் தரும். மூன்று அறை சேர்ந்தால் 6 வோல்ற்றுப் பற்றரி. ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ற்று. யந்திரம் ஓடாமல் சில மணி நேரம் கிடந்த பின் அளந்தால், 6 வோல்ற்றுப் பற்றரி 6.3, 12 வோல்ற்றுப் பற்றரி 12.6 அல்லது அதற்குச் சற்று மேற் காட்ட வேண்டும். 6.1 அல்லது 12.2 காட்டினால் பாதி வெறுமை. ஆனால் இந்த அளவு மட்டும் போதாது. தலைவிளக்கை ஏற்றிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். நல்ல பற்றரி சற்றே இறங்கி நிலைத்து நிற்கும். சடுதியாக 5 வோல்ற்றை நோக்கிச் சரிந்தால், உள்ளே ஓர் அறை செத்துவிட்டது என்று கொள்ளலாம். மூடி திறக்கும் பற்றரியாயின், அமிலத்தின் அடர்த்தியை அடர்த்திமானியால் ஒவ்வோர் அறையிலும் அளக்கலாம். நிறைந்த நிலையில் அது 1.26 முதல் 1.28 வரை இருக்கும். வெப்பநாடுகளுக்கென்று அமிலம் ஊற்றியதில் 1.23 அளவிலும் இருக்கும். எண்ணைவிட ஒற்றுமையே முக்கியம். மூன்று அறைகளில் ஒன்று மாத்திரம் மற்றவற்றினும் 0.05 குறைந்து நின்றால், அவ்வறை பழுது.

பற்றரியைக் கொல்லும் செயல்கள் இரண்டு. வெறுமையாகவே கிடக்க விடுதல் ஒன்று. அப்பொழுது தகடுகளில் ஈயச் சல்பேற்று கல்லாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் அது கரையாது. நீர் வற்ற விடுதல் மற்றொன்று. வற்றியதற்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். அமிலம் ஊற்றக் கூடாது. கிணற்று நீரும் பீலி நீரும் ஆகா. நமது வெப்பத்தில் சும்மா வைத்திருக்கும் பற்றரியும் தானே தேயும். வெப்பம் 10 பாகை உயர அத்தேய்வு ஏறக்குறைய இரட்டிக்கின்றது. ஆதலால் ஓடாத யந்திரத்தின் பற்றரிக்கும் மாதம் ஒருமுறை மின்னூட்டல் வேண்டும். கொள்ளளவிற் பத்திலொரு பங்கு மின்னோட்டமே தக்கது. 12 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 1.2 அம்பியர். அவ்வேளை எழும் ஐதரசன் வாயு தீப்பற்றக் கூடியது. காற்றோட்டமான இடத்தில், பீடியும் விளக்கும் அணுகாமல் இதனைச் செய்க.

இரண்டாவது, வரவு. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 6 வோல்ற்று யந்திரத்தின் தலைவிளக்கு 30 உவாற்று என்றால், அது 5 அம்பியர் உண்ணும். வால்விளக்கு 3 உவாற்று, அரை அம்பியர். ஓடும்போது கொயில் சராசரியாக 2 அம்பியர். ஆக ஏழரை அம்பியர். ஐம்பதுகளில் பிரித்தானிய யந்திரங்கள் பலவற்றில் இருந்த லூக்கஸ் டைனமோவின் முழுத்திறன் 60 உவாற்று. நல்ல வேகத்திலே அது எட்டு அம்பியருக்குச் சற்று மேலே தரும். அதாவது, முழுவேகத்திலும் மிச்சம் சொற்பமே. மழை கொட்டும் மாலையில், விளக்கை ஏற்றிக்கொண்டு, தோட்டத்துப் பாதையில் ஊர்ந்து இறங்கும்போது டைனமோ பற்றரியை விஞ்சுவதே இல்லை. ஏழரை அம்பியரும் பற்றரியின் சேமிப்பிலிருந்தே போகின்றது. 12 அம்பியர்-மணிப் பற்றரி அவ்வாறு ஒன்றரை மணி நேரத்தில் வற்றிவிடும். யந்திரத்தில் ஒரு பழுதும் இல்லாமலே பற்றரி வற்றக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம். இத்தகைய ஓட்டத்திற்கு மருந்து, வாரம் ஒருமுறை பெருந்தெருவில் அரைமணி நேரம் விளக்கின்றி ஓட்டுவது. அல்லது வீட்டிலே மின்னூட்டுவது. அல்லது குறைந்த மின்சாரத்தில் எரியும் இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கைப் பூட்டுவது.

டைனமோ வேலை செய்கின்றதா என்பதை அறிவது எளிது. யந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பற்றரியின் முனைகளில் அளவுமானியை வையுங்கள். 6 வோல்ற்று யந்திரம் 7 அளவிலும், 12 வோல்ற்று யந்திரம் 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். ஓடாதபோது காட்டிய அளவே ஓடும்போதும் காட்டினால், வரவு இல்லை. பழைய டைனமோவில் "டி", "எஃப்" எனக் குறித்த இரு முனைகள் உண்டு. அவற்றின் வயர்களைக் கழற்றி, முனையிரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அங்கிருந்து யந்திர உடலுக்கு அளவுமானியைத் தொடுத்து, மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். அளவு விரைந்து ஏறினால் டைனமோ நலம். பழுது ரெகுலேற்றரிலோ வயரிலோ இருக்கும். 10 வோல்ற்றுக்கு மேல் ஏற விடக்கூடாது; சுருள் வெந்துவிடும். அரை வோல்ற்றோடு நின்றுவிட்டால், காந்தச் சுருளுக்கு மின்சாரம் சேரவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால், முதலிற் கரித்துண்டுகளைப் பாருங்கள். பிரஷ் என்று கராஜிலே சொல்லும் அக்கரித்துண்டுகள் தேய்ந்திருக்கும், அல்லது கூட்டிலே இறுகியிருக்கும். அவை உராயும் செப்பு வளையத்தைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்தாலே உயிர்த்த டைனமோக்கள் பல.

நெடுநாள் ஓடாது கிடந்த டைனமோவுக்கு இன்னொரு நோயும் வரும். அதன் இரும்பிலே எஞ்சி நிற்கும் சிறு காந்தமே மின்னாக்கத்தின் விதை. அவ்விதை அழிந்துவிட்டால் எவ்வளவு சுழன்றாலும் முளைக்காது. "எஃப்" முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உடலோடு சேராத முனையிலிருந்து ஒரு வயரால் "எஃப்" முனையை ஒரு கணம் தொட்டு எடுத்தால் காந்தம் மீளும். ஒரு கணந்தான், பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

மூன்றாவது, திருட்டு. யந்திரம் உறங்கும்போது மின்சாரம் ஒழுகும் நோய் இது. பரிசோதனை ஒன்றே. எல்லாச் சுவிச்சுகளையும் மூடிவிடுங்கள். பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி, அவ்வயருக்கும் பற்றரி முனைக்கும் இடையே அம்பியர்மானியைப் புகுத்துங்கள். முதலிற் பெரிய அளவையிலே தொடங்கிப் பின்னர் சிறிய அளவைக்கு வாருங்கள். அம்பியர்மானி அவ்வாறு இருக்கையில் தொடக்கப் பொத்தானை அழுத்தவே கூடாது. கடிகாரமோ எச்சரிக்கை மணியோ இல்லாத பழைய யந்திரத்தில் ஊசி பூச்சியத்தில் நிற்க வேண்டும். பத்திலொரு அம்பியர் காட்டுகின்றது என்று கொள்வோம். அது அற்பமாகத் தோன்றும். ஆனால் 12 அம்பியர்-மணியை 0.1ஆற் பிரித்தால் 120 மணி நேரம், ஐந்தே நாள். திங்கட்கிழமை நிரப்பிய பற்றரி சனிக்கிழமை வெறுமை. அம்பியர்மானி இல்லாதவர் அவ்விடத்தில் ஒரு சிறு வால்விளக்குப் பல்பை இணைத்துப் பார்க்கலாம். பல்பு மங்கலாக எரிந்தாலும் திருட்டு உண்டு; எரியாவிட்டால் பெரிய திருட்டு இல்லை என்று மட்டுமே சொல்லலாம்.

ஊசி அசைந்திருக்கும் நிலையிலேயே ஒவ்வோர் உறுப்பின் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் ஊசி பூச்சியத்திற்கு வீழ்கின்றதோ, அங்கேதான் திருடன். வழக்கமான சந்தேக நபர்கள் சிலரை அறிமுகப்படுத்துகின்றேன்.

ஒருவர், பின்பிரேக்கின் சுவிச்சு. அதன் வில்லு சேறேறி இறுகினால் பிரேக் விளக்கு பகலெல்லாம் எரியும். வெயிலிலே கண்ணுக்குத் தெரியாது. 18 உவாற்றுப் பல்பு 6 வோல்ற்றில் 3 அம்பியர் உண்ணும். நாலு மணி நேரத்தில் முழுப் பற்றரியும் போய்விடும்.

இரண்டாமவர், ரெகுலேற்றர்ப் பெட்டியிலுள்ள கட்-அவுட் என்னும் காந்தக் கதவு. டைனமோ நிற்கும்போது பற்றரிக்கும் அதற்கும் இடையேயுள்ள வழியை மூடுவது இதன் தொழில். இதன் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், பற்றரி டைனமோவுக்குள்ளே கொட்டி வற்றும், டைனமோவும் சூடேறும். யந்திரத்தை நிறுத்திய பின்னும் விளக்குக் கூட்டிலுள்ள அம்பியர்மானி செலவுப் பக்கம் சாய்ந்தே நின்றால், தாமதியாமல் பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

மூன்றாமவர், மாற்றுமின்னாக்கி வைத்த யந்திரங்களின் ரெக்டிபயர். மின்சாரத்தை ஒருவழியாக மட்டும் விடவேண்டிய இந்தக் காவலாளி, முதுமையில் இருவழியும் விடத் தொடங்குவார். செலீனியத் தகடுகளால் ஆன பழைய ரெக்டிபயர்களில் இது மிகுதி. அதனிடத்தில் இக்காலச் சிலிக்கன் ரெக்டிபயரைப் பூட்டுவது மலிவான மருத்துவம்.

நாலாமவர், கைப்பிடி திரும்பும் கழுத்திடத்தில் உராய்ந்து தோலுரிந்த வயர். கைப்பிடியை இடமும் வலமும் திருப்பும்போது ஊசி துள்ளினால், அவர் அங்கேயே இருக்கின்றார்.

ஐந்தாமவர், பற்றரியின் தலையிலேயே குடியிருக்கும் அழுக்கு. அமிலப் பூச்சும் ஈரமும் சேர்ந்து முனைக்கு முனை பாலம் கட்டிவிடும். அப்பச்சோடா கரைத்த நீரால் வெளிப்புறத்தைக் கழுவுங்கள்; ஒரு துளியும் அறைக்குள்ளே போகாதிருக்க மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஆறாமவர் நாமே. சாவியைத் திருப்ப மறந்து இறங்கிப் போகின்றோம். பொயின்ற் மூடிய நிலையில் யந்திரம் நின்றிருந்தால், 2 ஓம் தடையுள்ள கொயில் வழியே 3 அம்பியர் இடைவிடாமல் ஓடும். பற்றரியும் வற்றும், கொயிலும் வேகும்.

நாலாவது, வழி அடைபடுதல். கரவனெல்ல போன்ற இடங்களில் இதுவே முதல் நோய் எனலாம். தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்கும் மலையடிவாரம் அது. ஈரவலயத்தில் ஆண்டு மழை 2,500 மில்லிமீற்றருக்கு மேற்படும். அந்த ஈரத்தில் செப்பு பச்சையாகக் களிம்பேறும், இரும்பு துருவேறும். மூட்டுவாய் ஒவ்வொன்றும் ஒரு சிறு தடையாகின்றது. ஒரு மூட்டுவாயில் அரை ஓம் தடை மட்டும் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். 3 அம்பியர் அதன் வழியே ஓடினால் ஒன்றரை வோல்ற்று அங்கேயே செலவாகின்றது. 12 வோல்ற்று யந்திரம் அதனைப் பொறுக்கும். 6 வோல்ற்று யந்திரத்துக்கோ அது காற்பங்கு இழப்பு. பற்றரி நிறைந்திருந்தும் பொறி சோரும். பழைய 6 வோல்ற்று யந்திரங்கள் நோஞ்சான்கள் என்று பெயரெடுத்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கே.

இதைக் கண்டுபிடிக்க, தலைவிளக்கையும் கொயிலையும் இயங்க விட்டு, அளவுமானியின் ஒரு முனையைப் பற்றரியின் உடல்சேர் முனையிலும், மறுமுனையை யந்திரத் தலையின் வெறும் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அவ்வழியில் அடைப்பு உண்டு. அவ்வாறே உயிர்வயர் பக்கத்தையும் பகுதி பகுதியாக அளந்து செல்லுங்கள். அடைப்புக் கண்ட மூட்டுவாயைக் கழற்றி, மெல்லிய மணற்கடதாசியால் உலோகம் பளிச்சிடத் தேய்த்து, இறுக்கி, மேலே வசிலின் பூசுங்கள். யந்திரத்திற்குப் புதுப் பெயின்ற் அடித்த பின் மின்சார நோய் வந்ததென்றால், உடலோடு சேரும் வயரின் கீழே பெயின்ற் இருக்கின்றதா என்று முதலிற் பாருங்கள்.

பொத்தானை அழுத்தித் தொடக்கும் ஜப்பானிய யந்திரங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். தொடக்கு மோட்டார் பல பத்து அம்பியர்களை ஒரே மூச்சில் இழுக்கும். 60 அம்பியருக்கு ஓர் ஓமின் நூறில் இரண்டு பங்கு தடையே 1.2 வோல்ற்றை விழுங்கிவிடும். தலைவிளக்கை ஏற்றிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். விளக்கு அணைவது போல் மங்கினால், பற்றரி சோர்வு, மூட்டுவாய் அடைப்பு, மோட்டார் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று. விளக்கு சற்றும் மங்காவிட்டால், மின்சாரம் மோட்டாரைச் சென்றடையவே இல்லை. பொத்தானையும் ரிலேயையும் பாருங்கள். ஐந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள்.

குதிர், வரவு, திருட்டு, வழி என்ற நான்கும் சரியாயிருந்தும் யந்திரம் தொடங்காவிட்டால் பொறியைப் பாருங்கள். பொயின்ற் இடைவெளி மக்னீற்றோவுக்கு ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர், கொயிலுக்கு 0.4 அளவு. பொயின்ற் திறக்கும்போது நீலப்பொறி பெரிதாகச் சிதறி முனை கருகினால், கொண்டென்சர் கெட்டது. குளிர்ந்த நிலையில் நன்றாகத் தொடங்கி, சூடேறிய பின் ஏற்றத்தில் நின்று, அரைமணி ஆறிய பிறகே மீண்டும் தொடங்கும் மக்னீற்றோ யந்திரத்திலும் குற்றம் பெரும்பாலும் கொண்டென்சருடையதே. அல்லது அரக்குப் பூசிய பழைய சுருளுடையது. புதிய சுருள் சுற்றித் தருவோர் இன்றும் உளர். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்ப்போர், அதனைப் பெற்றோல் மணக்கும் துவாரத்திற்கு அருகே பிடியாதிருக்க.

எச்சரிக்கை இரண்டு சொல்லி முடிக்கின்றேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த பிரித்தானிய யந்திரங்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும்; இக்கால யந்திரங்களில் மறைமுனை சேர்ந்திருக்கும். பழக்க தோஷத்தால் புதிய பற்றரியை மாற்றிப் பூட்டினால் ரெக்டிபயர் அக்கணமே சாகும். கழற்றுமுன் எந்த முனை உடலோடு சேர்ந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலும், அக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் பியூஸ் கிடையாது. ஒரு வயர் உரிந்து உடலிற் பட்டால், பெற்றோல் தாங்கியின் கீழேயே தீ எழும். பற்றரிக்கு அருகே, உயிர்வயரில், 15 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பூட்டுங்கள். தொடக்கு மோட்டாரின் தடித்த வயர் மட்டும் அதன் வழியே போகலாகாது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி பெருகியது போன்ற வெள்ளத்தில் மூழ்கி எழுந்த யந்திரத்தை, மூட்டுவாய்களைக் கழற்றிக் கழுவிக் காயவைக்காமல் பற்றரியோடு இணைப்பது தீயை அழைப்பதாகும்.

இத்தனையும் பார்த்த பின், பற்றரியே செத்தது என்று உறுதியாகுமாயின், புதியது வாங்குவதில் நட்டமில்லை. அது நெடுநாள் உழைக்கும். பழையதை மட்டும் ஓடையில் எறிந்துவிடாதீர்கள். அமிலத்தை லயத்துக் கானில் ஊற்றிவிடாதீர்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. கரவனெல்ல ஓடைகள் களனியில் விழுகின்றன. அதே களனி நீரை அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மக்கள் குடிக்கின்றனர். பற்றரி விற்கும் கடைகள் பலவற்றில் பழையதை விலைக்கு எடுப்பார்கள், அங்கேயே கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்தக் கடைக்குப் போவதற்கு முன்பு, அம்பியர்மானியோடு அரைமணி நேரம் உங்கள் யந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். போகவேண்டிய தேவையே இல்லாமற் போகலாம்.